தகடு எண் 212: மூன்று பேர்

ஸ்ரீலக்ஷ்மி வேலையில் சேர்ந்தது ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பென்சன் டவுனில் இருந்த அந்தப் பழைய பங்களாவின் முன்கதவு சாத்தியே கிடக்கும். வேலை செய்பவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே போவார்கள். அன்று முன்கதவு விரியத் திறந்திருந்தது. ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சுனிதா, குடையை உதறிக்கொண்டே அதைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் தனக்காக அந்தக் கதவு ஒரு நாளும் திறந்ததில்லை என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே, இதையெல்லாமா மனதில் வைப்பது என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள்.

உள்ளே இயக்குநர் சுந்தரராமன் புதியவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“உங்க தாத்தா விதான சௌதாவுல இருந்தப்போ எங்கப்பா அவருக்குக் கீழதான் இருந்தார். மல்லேஸ்வரம் வீடு இன்னும் இருக்கோ?”

“அபார்ட்மென்ட் ஆக்கிட்டா அங்கிள். அந்த மாமரம் மட்டும் மிச்சம்.”

சுந்தரராமன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து சுனிதா பார்த்ததில்லை.

“வாம்மா சுனிதா. இவ ஸ்ரீலக்ஷ்மி, நம்ம புது கியூரேட்டர். லண்டன்ல படிச்சவ. அந்த ஜன்னல் மேசைய இவளுக்குக் குடுத்துடு. நீ எப்படியும் இருட்டு ரூம்லதானே இருக்கே?”

“சரி சார்,” என்றாள் சுனிதா.

இரண்டு வருடம் அவள் உட்கார்ந்த மேசை அது.

ஒக்கலிபுரத்தில் மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பரணிலிருந்து அறுநூற்று நாற்பது கண்ணாடித் தகடுகளை அவள்தான் இறக்கி வந்தாள். ஃபிலிம் புழக்கத்துக்கு வராத காலத்தில் படம் பிடித்த கண்ணாடி நெகடிவ்கள் அவை. ஆட்டோ குலுங்கினால் உடைந்துவிடுமே என்று பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு தடவை போய் வந்தாள். ஒவ்வொன்றையும் தூசி தட்டி, எண் போட்டு, குறிப்பு எழுதி, ஸ்கேன் செய்தாள். கண்டோன்மென்ட்டில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், தக்னி உருது பேசும் குடும்பங்கள், கன்னடக் குடும்பங்கள் என்று அந்தத் தகடுகளில் ஓர் ஊரே இருந்தது. இதையெல்லாம் வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம் என்று சொன்னதும் அவள்தான். “உன் எக்ஸிபிஷன்மா இது,” என்று பொங்கலுக்கு முன்பு சுந்தரராமன் சொன்னார். வாய்வார்த்தைதான். அதை எழுதி வாங்கியிருக்க வேண்டுமோ? எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ? அந்தக் கேள்வியிலேயே ஆறு மாதம் ஓடிவிட்டது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசல் சுவரில் ‘கண்காட்சி அமைப்பு’ என்பதற்குக் கீழே முதல் வரியில் தன் பெயர்.

வெறுக்க வசதியாக ஸ்ரீலக்ஷ்மி கெட்டவளாகவும் இல்லை. சுனிதாவின் டிபன் பாக்ஸில் கருவாடு இருந்த அன்று மூக்கைச் சுளிக்கவில்லை. “உன் குறிப்பெல்லாம் படிச்சேன், எவ்ளோ நீட்டா எழுதியிருக்கே!” என்று மனதாரச் சொன்னாள். அவள் மனதாரச் சொன்னதுதான் சுனிதாவுக்கு எரிந்தது. தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி, வீடு நன்றாக இருக்கிறது என்று தன்னிடமே சொல்வது போல் இருந்தது.

ஜூலை முதல் வாரத்தில் 212-ஆம் தகடு வெளியே வந்தது.

ஸ்கேன் அறை பங்களாவின் பின்பக்கம், ஒரு காலத்தில் யாருடைய படுக்கையறையோ. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். பகல் மூன்று மணிக்கும் அங்கே இருட்டுதான். லைட் டேபிளின் வெளிச்சம் மட்டும் பால் கொட்டியது போல் நடுவில் கிடக்கும். பழைய கண்ணாடிக்கென்று ஒரு வாசனை உண்டு, காடியும் தூசியும் கலந்தது. நெகடிவில் நிறமெல்லாம் தலைகீழாக இருக்கும். கறுத்த முகங்கள், வெளுத்த கூந்தல், கண்ணுக்குள் பாப்பா மட்டும் வெள்ளைப் புள்ளி.

கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றியதும் படம் தெளிந்தது. கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி. தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை ஓரமாக நிற்க, நடுவில் மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயதிருக்கலாம். அவளுக்கு வலப்பக்கம், தோள் உரசும் அளவுக்கு நெருக்கமாக, இன்னொரு நாற்காலி. அதில் யாரும் இல்லை. மடித்த பட்டுப்புடவை ஒன்றும், அதன் மேல் ஒரு பூச்சரமும்தான் இருந்தன.

தகடு வைத்திருந்த காகித உறையில் ஸ்டூடியோக்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘கல்யாண ஜோடி. மூன்று பேர்.’

ஸ்ரீலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். “அழகா இருக்காளே! போஸ்டருக்கு இதுதான். மூணு பேர்னு எழுதியிருக்கு, ரெண்டு பேர்தானே இருக்கா? மூணாமவா லேட்டோ என்னவோ.” சிரித்தாள். “இந்தச் சேர்தான் படத்தைக் கெடுக்கறது. மேல என்ன, துணி மூட்டையா? அத வெட்டிடு சுனிதா. ஜோடி மட்டும் போதும்.”

அது துணி மூட்டை இல்லை என்று சுனிதாவுக்குத் தெரியும். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த எந்தக் குடும்பத்திலும் தெரியும். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகச் செத்துப்போனவள், அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. அந்தப் புருஷன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால், வந்தவளுக்கு அவள் மூத்தவள். புதுப்புடவை, பூ, வளையல் எல்லாம் முதலில் அவளுக்கு வைத்துக் காட்டிவிட்டுத்தான் இளையவள் தொட வேண்டும். சுனிதாவின் அம்மா சரளாவே இரண்டாம் தாரம்தான். தீபாவளிக்குத் தீபாவளி பலகை போட்டு, பார்த்திராத ஒருத்திக்குப் புடவை வைத்துக் கும்பிட்டு வளர்ந்தவள் சுனிதா. இந்தப் படத்தில் மூத்தவளைப் பலகையில் வைக்காமல் நாற்காலி போட்டு உட்கார்த்தியிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரரும் அவளைச் சேர்த்தே எண்ணியிருக்கிறார்.

மேடம், அது வெறும் சேர் இல்ல. அந்த வாக்கியம் சுனிதாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“அப்புறம், வாசல் சுவர் போர்டு ரெடி பண்ணிட்டேன்,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. “உன் பேரும் போட்டிருக்கேன், ‘தொழில்நுட்ப உதவி’ன்னு. ஓகேதானே?”

கடைசி வரி. பிரிண்ட் போட்டுத் தரும் க்ளென்னின் பெயருக்கும் கீழே.

“ஓகே மேடம்,” என்றாள் சுனிதா. வாக்கியத்தை விழுங்கிவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு ஒக்கலிபுரத்துக்காரர்கள் வருவார்கள். எந்தக் கிழவியாவது கூடத்தில் ஆறடிக்குப் பெரிதாக்கி மாட்டப்போகும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘மூத்தவள எங்கம்மா வெட்டிப் போட்டீங்க?’ என்று ஊர் முன்னால் கேட்பாள். லண்டன் படிப்பு அப்போது என்ன பதில் சொல்லும் என்று பார்க்கலாம். சுனிதா அதை நினைத்து ரசித்துக்கொண்டே மௌஸை நகர்த்தி, நாற்காலியின் ஓரத்தில் கோடு போட்டு வெட்டினாள்.

அவளுக்குப் பின்னால், சிமெண்ட் தரையில் மர நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். அறையில் இருந்தது அவள் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி ஒன்றுதான். ஸ்ரீலக்ஷ்மி அதற்குள் வெளியே போயிருந்தாள். மாடியில் யாராவது மேசை நகர்த்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பங்களாவுக்கு மாடி கிடையாது என்பது பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

பத்து நாள் கழித்து விவேக் நகரிலிருந்து க்ளென் போன் செய்தார்.

“சுனிம்மா, படம் சக்கத்தா வந்திருக்கு. ஆனா நீ சரியா வெட்டலியா? பொண்ணு தோள் மேல நாலு வெரல் தெரியுது.”

“வெரலா? ஸ்கேன்ல தூசியா இருக்கும் அண்ணா.”

“தூசி மோதிரம் போட்டிருக்குமா?”

சுனிதா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“சரி விடு, பேஜார் பண்ணாத. நானே அழிச்சிட்டேன். இன்னிக்கி ரெண்டாவது தடவ அழிச்சேன். மொதல்ல அழிச்சது ஏனோ சேவ் ஆவல.”

அன்று மதியம் ஸ்ரீலக்ஷ்மி வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஜன்னல் மேசையில் உட்கார்ந்திருந்தாள். “லேப்டாப் பையாலன்னு நெனக்கறேன். யாரோ கைய வெச்சு அழுத்தறா மாதிரியே இருக்கு சுனிதா. நேத்து ராத்திரி புரண்டு படுக்க முடியல.” அவள் நாற்காலியின் இடது விளிம்பில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி ஒடுங்கி உட்கார்ந்திருந்ததை சுனிதா கவனித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் பருமனான ஒருவர் உட்கார்ந்தால் ஒடுங்குவோமே, அந்த மாதிரி.

கூட்டிப் பெருக்கும் காந்தா காபித் தட்டோடு வந்து சுனிதாவிடம் குசுகுசுத்தாள். காந்தாவுக்கு வீட்டில் கன்னடம். சுனிதாவோடு தமிழ் பேசுவாள்.

“புது மேடம் பக்கத்துல ஒரு அம்மா நிக்கிறாங்கல்லா, அவங்களுக்கும் காபி தர்றதா?”

“யாரு காந்தா? அங்க யாரும் இல்லியே.”

காந்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள். தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன. அப்புறம் அவள் அந்த அறைக்குள் காபி கொண்டு போகவே இல்லை. வாசல்படியில் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள்.

சுனிதா எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் அல்ல. இருட்டு அறைக்குப் போய் வெட்டாத முழு ஸ்கேனைத் திறந்தாள்.

மாப்பிள்ளை இருந்தார். மணப்பெண் இருந்தாள். நாற்காலி இருந்தது.

நாற்காலியில் புடவை இல்லை.

பூவும் இல்லை.

வேறு ஃபைலைத் திறந்துவிட்டோமோ? எண்ணைப் பார்த்தாள்: 212. பீரோவைத் திறந்து, கையுறை மாட்டி, கண்ணாடித் தகட்டையே எடுத்து லைட் டேபிளில் வைத்தாள். உருப்பெருக்கி வழியாக ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தாள். பிரம்பு பின்னிய நாற்காலி, ஒவ்வொரு பின்னலும் தெளிவாக, காலியாக இருந்தது. ஒருவேளை முதலிலிருந்தே அப்படித்தானா? தன் நினைவை அவள் ஒருபோதும் நம்பியதில்லை. பதிவேட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்து, ஜூலை 3: ‘வலப்பக்க நாற்காலியில் மடித்த பட்டுப்புடவை, மேலே பூச்சரம். மூத்தவள்.’

புடவையை யாரோ எடுத்து உடுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டிருக்கிறார்கள்.

இருட்டில், காடி வாசனைக்கு நடுவே, பீரோவில் வெகுநாள் கிடந்த பட்டின் நெடி வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள். கதை போலச் சொல்ல ஆரம்பித்தாள். சரளா பாதியில் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“அது மூத்தவளோட எடம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா நீ?”

“இல்ல.”

“ஏன்டி?”

“அவங்க கேக்கல.”

“கேக்கலியாம்! வாயில என்ன கொழுக்கட்டயா வெச்சிருந்த?” சரளா மகளின் முகத்தையே பார்த்தாள். “ஓஹோ. அவ மாட்டிக்கணும்னு இருந்தியா.”

சுனிதா தட்டில் கோலம் போட்டாள்.

“இந்த வூட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசம் ஆவுது எனக்கு. ஒரு ஜாக்கெட் பிட்டுகூட அவளுக்குக் காட்டாம நான் தெச்சுக்கினதில்ல. உங்கப்பாவ கேக்கல அவ, நகைய கேக்கல. ஒக்கார எடம், அவ்ளோதான் கேக்கறா. அத வெட்டுனது ஒங்கையி. தெரியாத பொண்ணு தலையில போட்டுட்டு வந்து சோறு துன்ற. நாளைக்குப் போனதும் மொத வேலையா சொல்லு.”

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் சுனிதாவும் இருந்தாள். மறுநாள் சுந்தரராமன், ஸ்ரீலக்ஷ்மியைப் பத்திரிகைக்காரர்கள் பேட்டி எடுக்கிறார்கள், தொந்தரவு செய்யாதே என்றார். கதவிடுக்கில் கேட்டது ஸ்ரீலக்ஷ்மியின் குரல்: “ஒவ்வொரு தகட்டையும் நான் என் குழந்தை மாதிரி...” சுனிதா திரும்பி இருட்டு அறைக்கே வந்துவிட்டாள். அதற்கடுத்த நாள், சொன்னால் நம்புவார்களா என்ற சந்தேகம். அதற்கும் அடுத்த நாள், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். இப்படியே மூன்று நாள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் எழுந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான். மழை ஓட்டில் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தில் பாதி வழி போவதற்குள் கரண்ட் போயிற்று.

பெரிய கூடத்தின் வாசலில் நின்றாள்.

கூடத்தின் கோடியில் ஆறடிப் படம் மாட்டியாகிவிட்டது. அதன் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்ரீலக்ஷ்மி போன் விளக்கைப் பிடித்து நின்றிருந்தாள். அந்த வெளிச்சத்தில் மணப்பெண்ணின் முகம் மட்டும் தெரிந்தது.

ஸ்ரீலக்ஷ்மிக்கு வலப்பக்கம் இன்னொருத்தி நின்றாள்.

பட்டுப்புடவை. வெகுகாலம் மடிப்பிலேயே கிடந்து பிரித்த புடவை. முதுகிலும் இடுப்பிலும் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக விழுந்திருந்தன. தலை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருந்தது. ஒரு கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது ஸ்ரீலக்ஷ்மியின் தோள் மேல் இருந்தது.

“சுனிதா, வந்துட்டியா?” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, திரும்பாமலே. “இந்த லைட்ட கொஞ்சம் பிடியேன். ஏன் பேசாம நிக்கற?”

சுனிதாவின் வாய் திறந்தது.

நான் இங்க இருக்கேன் மேடம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஸ்ரீலக்ஷ்மி திரும்புவாள், ஓடி வருவாள்.

சொல்லவில்லை.

அது பயத்தால் இல்லை. பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தும், பயம் என்று அவளால் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடிந்ததில்லை. அந்தக் கணத்தில் அவள் உள்ளுக்குள் ஸ்ரீலக்ஷ்மியிடம் சொன்னது ஒரே வார்த்தை. எழுந்திரு.

அந்தக் கை அழுத்தியது.

ஸ்ரீலக்ஷ்மியின் முழங்கால்கள் மடங்கின. நாற்காலியில் உட்காருவது போல, நாற்காலி இல்லாத இடத்தில், அந்தரத்தில் உட்கார்ந்தாள். போன் கீழே விழுந்தது. தோளில் ஏதோ சுள்ளி ஒடிவது போல் சத்தம் கேட்டது.

“எழுந்துக்கறேன்,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, சின்னக் குழந்தைக் குரலில். “எழுந்துக்கறேன். எழுந்துக்கறேன்.”

கரண்ட் வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

வலது காறை எலும்பு முறிந்திருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் தடுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்ரீலக்ஷ்மி கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். தோளில் நாலு விரலும் ஒரு கட்டை விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

“நீ வாசல்லதானே நின்னுண்டிருந்தே?” என்றாள் மெல்லிய குரலில். “விழும்போது பாத்தேன். அப்போ பக்கத்துல நின்னது யாரு?”

சுனிதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, அது போகட்டும். நீ ஏன் என்னைக் கூப்பிடல சுனிதா?”

நர்ஸ் வந்து நேரமாயிற்று என்றாள். சுனிதாவுக்கு அது பெரிய உதவி.

ஸ்ரீலக்ஷ்மி அந்த வாரமே ராஜினாமாக் கடிதத்தை மெயிலில் அனுப்பிவிட்டாள். திறப்பு விழாவை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். சுந்தரராமன் சுனிதாவைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இனிமே நீதான்மா எல்லாம்,” என்றார். “முதல்லயே உன்கிட்டதான் குடுத்திருக்கணும்.”

ஜன்னல் மேசை திரும்ப வந்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது உள்ளங்கால் வரை ஒரு சந்தோஷம் ஓடியது. ஒருத்தி எலும்பு முறிந்து கிடக்கும்போது இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் இரண்டு நாளில் குறைந்தது. சந்தோஷம் குறையவில்லை.

செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தாள். 212-ஐ மறுபடி ஸ்கேன் செய்தாள். நாற்காலியில் புடவை வந்துவிட்டிருந்தது, மேலே பூச்சரமும். மடிப்பு மட்டும் முன்பிருந்தது போல் இல்லை. அவசரத்தில் மடித்தது போல் ஒரு முனை வெளியே தொங்கியது. நாற்காலியோடு முழுப் படத்தையும் க்ளென்னிடம் பிரிண்ட் போடச் சொன்னாள். பூவாடைக்காரி யார், அவளுக்கு ஏன் நாற்காலி என்று கீழே குறிப்பு எழுதினாள். ‘மூவர்’ என்று தலைப்பு வைத்தாள். அம்மா சொல்லி அனுப்பியபடி, கதம்பம் வாங்கி வந்து படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

“எடத்த குடுத்திட்டியா?” என்று சரளா போனில் கேட்டாள்.

“குடுத்திட்டேன்மா. முடிஞ்சுது.”

ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. பத்தரைக்குத் திறப்பு விழா. வாசல் சுவரில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் எழுத்துகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு க்ளென் வந்தார். சுனிதா உள்ளே விளக்குகளைப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் ஒட்டி முடித்திருந்தார்.

‘கண்காட்சி அமைப்பு’ என்று இருந்தது. அதற்குக் கீழே வெறும் சுவர். அதற்கும் கீழே, இரண்டாவது வரியில், ‘சுனிதா நாராயணசாமி’.

“அண்ணா, நடுவுல ஒரு வரி விட்டிருக்கே?”

“நீதானே விடச் சொன்ன?”

“நானா?”

“நீ இல்லம்மா, உன் ஆளு. நேத்து சாயங்காலம் கடைக்கு வந்தாங்களே ஒரு அம்மா. மானிட்டர்கிட்டயே வந்து நின்னுகினு, மொத வரி எனக்கு, விடுன்னாங்க. பேரு சொல்லுங்கம்மா, அடிச்சுத் தர்றேன்னேன். பேரு வேணாம், எடம் போதும்னாங்க.” க்ளென் கையிலிருந்த பசையைக் கவனமாக உருட்டி எடுத்தார். “நான் யாரோ டிரஸ்டி அம்மான்னு நெனச்சேன். பட்டுப்புடவைல வந்தாங்க. அயர்ன் பண்ணாத புடவ.”

“யாருன்னு கேக்கலியா?”

“கேட்டேனே. சுனிதாவுக்கு மூத்தவ நானுன்னாங்க. உனக்கு அக்கா இருக்கறத ஒரு வாட்டி கூட சொல்லலியே நீ!”

சுனிதா வீட்டுக்கு ஒரே பிள்ளை.

கேட்டுக்கு வெளியே கார்கள் வந்து நிற்கத் தொடங்கின. மெட்ரோவில் வந்த ஒக்கலிபுரத்துக்காரர்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். சால்வையைச் சரிசெய்துகொண்டே வந்த சுந்தரராமன் சுவரைப் பார்த்து நின்றார்.

“என்னம்மா இது, உன் பேரு கீழ எறங்கியிருக்கு? முதல் வரிலன்னா இருக்கணும்? க்ளென், மேல ஏத்தி ஒட்டுப்பா.”

“ஒன் நிமிட் சார்.” க்ளென் கத்தி முனையால் முதல் எழுத்தின் ஓரத்தைக் கிளப்பினார்.

“வேண்டாம்,” என்றாள் சுனிதா.

“ஏம்மா?”

“வேண்டாம் சார். அங்க எடம் இல்ல.”

சுந்தரராமன் அவளை விநோதமாகப் பார்த்தார். அதற்குள் யாரோ கூப்பிட, வணக்கம் சொல்லிக்கொண்டே போய்விட்டார். க்ளென் தோளைக் குலுக்கிக்கொண்டு, கிளம்பிய எழுத்தைத் திரும்ப அழுத்தி ஒட்டினார்.

சுனிதா சுவரருகே போனாள். ஒரு வாரமாக விடாத மழையில் சுவர் முழுவதும் ஈரம் ஏறிச் சில்லிட்டிருந்தது. தன் பெயரின் மேல் கை வைத்துப் பார்த்தாள், விரல்கள் விறைத்தன. கையை மெல்ல மேலே, எழுத்தில்லாத அந்த வரிக்கு நகர்த்தினாள்.

அந்த ஒரு முழ இடம் மட்டும், யாரோ சாய்ந்து நிற்கிற முதுகு போல, உடம்புச் சூட்டோடு இருந்தது.